யார் கை ஓடியது

ஜூன் 10, 2024, திங்கள்

நிவேதிதா சொன்னதால் இந்த நோட்டு. "வேலை முடியற வரைக்கும் தினமும் நாலு வரி எழுதி வைங்க சார், ஆல்பத்தோட வர்ற சின்னப் புத்தகத்துக்கு ஆகும்" என்றாள். சென்னையில், மறந்துபோன பாட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் வெளியிடும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்தேழு. நாங்கள் கடைசியாக மேடை ஏறியபோது தவழ்வதை விட்டு நடக்க ஆரம்பித்திருப்பாள். எங்கள் கேசட் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். "யாரு சார் நீங்கள்லாம்?" என்றுதான் முதல் போனில் கேட்டாள்.

புத்தகத்துக்குப் போகப்போகிறது என்பதால் அறிமுகத்தோடு ஆரம்பிக்கிறேன். நாங்கள் மூன்று பேர், திருச்சி பொன்மலைக்காரர்கள். ஹபீப் பாடுவான், பேஸ் கிடாரும் வாசிப்பான். பெர்க்மான்ஸ் டிரம்ஸ். இளங்கோவனாகிய நான் கிடார். குழுவின் பெயர் 'நாலாவது ஷிஃப்ட்'. ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாக இருந்த பெர்க்மான்ஸ், வேலை முடிந்து வந்து டிரம்ஸ் முன்னால் உட்காரும்போதெல்லாம் "மூணு ஷிஃப்ட் அவங்களுக்கு, நாலாவது நமக்கு" என்பான். அதுவே பெயராகிவிட்டது. 1994 முதல் 2000 வரை தமிழில் ராக் பாடினோம். கல்லூரி விழாக்களில் கைதட்டலும், ஒரே ஒரு கல்யாண வீட்டில் திட்டும் வாங்கினோம்.

இரண்டு கேசட், வெளிவராத ஒரு டேப். அவற்றிலிருந்து பன்னிரண்டு பாட்டுகள் தேர்ந்தெடுத்து ஒரே தொகுப்பாக வருகிறது. டேப்புகள் என்னிடம் இருப்பதால் தொகுக்கும் பொறுப்பும் என் தலையில். இப்போது தில்லைநகரில் கிடார் வகுப்பு நடத்துகிறேன். இருபத்தோரு வருடமாக. "மாஸ்டர்கிட்ட போனா தாளம் நிக்கும்" என்று பெற்றோர்கள் சொல்லித்தான் பிள்ளைகளைக் கொண்டு வந்து விடுகிறார்கள். இதை நானே எழுதிக்கொள்வது அழகில்லை. நிவேதிதா வெட்டிக்கொள்ளட்டும்.

ஜூன் 12, புதன்

பரணில் ஏறினேன். மேகலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அம்பத்தோரு வயசுல விழுந்தா எலும்பு சேராது" என்று வாழ்த்தினாள். பழைய மிக்ஸி, மூன்று தலைமுறை குக்கர் வெயிட், அதற்கும் பின்னால் டேப் டப்பா. கேசட்டுகள் பூஞ்சை பிடித்திருந்தன, துடைத்தால் ஓடும். 1999 டிசம்பரில் சென்னை ஸ்டுடியோவில் பதிந்த பெரிய டேப் மட்டும் நன்றாக இருக்கிறது. பழைய டேப்பை மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்த பிறகுதான் ஓட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் மேலே இருக்கும் பூச்சு உரிந்து வந்துவிடுமாம். அதெல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். கூரியரில் போட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 17, திங்கள்

பெங்களூரிலிருந்து ஹபீப் பேசினான். அங்கே கண் ஆஸ்பத்திரிகளுக்கு லென்ஸ் சப்ளை செய்கிறான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, வயிறு அப்படி இல்லை என்று அவனே சொன்னான்.

"மாப்ள, எல்லாம் சரி. அந்தக் கடைசி நாலு பாட்டு இருக்கே, ஸ்டுடியோல எடுத்தது. அதுல பெர்க் டிரம்ஸ் கேவலமா இருக்கும்டா. ஆளு ஆட்டம் காணும். இப்ப வேற பையன வச்சு டிரம்ஸ மட்டும் புதுசா வாசிச்சுடலாமாம். நிவேதிதாகிட்ட கேட்டுட்டேன்."

பெர்க்மான்ஸ் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேடையில் ஓடுவான். மெதுவாக ஆரம்பித்த பாட்டு, முடியும்போது ரயிலைப் பிடிக்கப் போகிற வேகத்தில் இருக்கும். ஸ்டுடியோவிலோ நேர்மாறாக, பின்னால் இழுத்தான். அவன் கையில் தாளம் நிற்காது என்று முடிவாகி, 2000 ஜனவரியில் அவனை நிறுத்தினோம். புது டிரம்மர் வந்தும் நாங்கள் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

டிரம்ஸை மாற்றுவதற்கு அவன் கையெழுத்து வேண்டும். "நீதான் உள்ளூர்ல இருக்க, நீ போய்ட்டு வா" என்றான் ஹபீப். சரி என்றேன். தில்லைநகரிலிருந்து பொன்மலை எட்டோ ஒன்பதோ கிலோமீட்டர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு முறைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். வேறொன்றும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

போனேன். பெர்க்மான்ஸ் அதே காலனியில், வேறு குவார்ட்டர்ஸில் இருக்கிறான். முடி முழுக்க வெளுத்து, மீசை மட்டும் கறுப்பு. என்னைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஏய், இளங்கோ! உள்ள வாடா. ஜெசிந்தா, யாரு வந்திருக்கா பாரு."

அவன் மனைவி ஜெசிந்தா, "வாங்கண்ணே, நீங்கதானா அது" என்றாள். 'அது' என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. நர்ஸிங் முடித்த மகள் ரோஸ்லின் தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரமே நின்றாள். அப்பாவின் பழைய கதையைச் சொல்லக்கூடிய ஒரு ஆள் இப்போதுதான் முதல்முதலாக இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறார் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். தொகுப்பு வருகிறது, பழைய பாட்டு எட்டும் அப்படியே போகிறது, கடைசி நாலில் டிரம்ஸை மட்டும் புதிதாக வாசித்துவிடலாம் என்று யோசனை, சத்தம் தெளிவாக இல்லை என்று. சத்தத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அவன் சிரித்தான். "சத்தம் என்னடா சத்தம். நான் சொதப்புனது எனக்குத் தெரியாதா? மாத்துங்கடா. பாட்டு நல்லா வரட்டும்."

பிறகு தட்டிலிருந்த முறுக்கை உடைத்துக்கொண்டே, "அந்த நாலுல என் பேரு வராதுல்ல?" என்றான்.

"வாசிக்கறவன் பேருதான்டா போடுவாங்க."

"ஆமா ஆமா, அதான் முறை. அந்த நாலும் நல்ல பாட்டுடா. நான் வாசிச்சதுன்னு இவகிட்ட அதத்தான் சொல்லி வச்சிருந்தேன்." ரோஸ்லினைக் காட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள்.

பேப்பரை வாங்கி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தான். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான். வண்டி வரைக்கும் வந்து வழியனுப்பினான். அவனுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் திரும்பி வரும் வழியெல்லாம் உறுத்தியது.

ஜூலை 5, வெள்ளி

டேப்பைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எட்டு டிராக், தனித்தனியாகப் பதிந்த எட்டு ஒலி. டிரம்ஸ் இரண்டு, பேஸ் ஒன்று, கிடார் இரண்டு, பாட்டு இரண்டு. எட்டாவது கிளிக். படிக்கிறவர்களுக்காக: கிளிக் என்பது கடிகாரம் மாதிரி டக் டக் என்று ஒரே சீராக ஓடும் ஒலி. வாசிக்கும்போது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும், பாட்டில் வராது. அந்த ஸ்டுடியோவில் ஒரே ஒரு நல்ல ஹெட்போன்தான் இருந்தது. அதை பெர்க்மான்ஸுக்குக் கொடுத்ததால் கிளிக் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. நாங்கள் அவனைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இன்று ஃபைல்களுக்குப் பெயர் வைத்து அடுக்கினேன். பாட்டைக் கேட்டேன். பேஸைத் தனியாகக் கேட்டேன். எட்டாவது டிராக்கைத் திறக்கவில்லை. திறக்க அவசியமும் இல்லை.

ஜூலை 6, சனி

ஐந்து வகுப்புகள். ஒரு பையன், தாளம் அடித்துக் காட்டும் மெட்ரோனோமை விட்டு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தான். கத்திவிட்டேன். அவன் அம்மா வெளியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 8, திங்கள்

திறந்தேன்.

'வெயில் சத்தம்' என்ற பாட்டு. கிளிக்கையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக் கேட்டேன். நாலு நிமிடம் பதினொரு விநாடி. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை டிரம்ஸ் கிளிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சுவரில் ஆணி அடித்து மாட்டியது மாதிரி. பெரிய உருட்டல் வரும் இடத்தில்கூட அசையவில்லை. உருட்டி முடித்து, சரியாக வந்து விழுகிறான்.

அப்புறம் டிரம்ஸை நிறுத்திவிட்டு கிடாரை வைத்தேன். இரண்டாவது சரணத்தில் கிளிக்கைத் தாண்டுகிறது. கடைசிப் பல்லவியில் அரை அடி முன்னால் போய்விட்டது. இடையில் மாட்டிய ஹபீபின் பேஸ் இருவருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணுகிறது. நாலு பாட்டிலும் இதே கதை. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் டிரம்ஸ் பின்னால் இழுப்பதுபோல்தான் தோன்றும். கிடாரின் சத்தம் பெரிது, காது அதோடுதான் போகும்.

ஓடியது கிடார். கிடார் நான்.

அப்போது இது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

சர்க்கரை டெஸ்ட் கொடுத்தேன். சாப்பிடுவதற்கு முன் 128. நடக்கச் சொன்னார் டாக்டர். சாயங்காலம் மேகலாவுடன் நடந்தேன். "உங்களுக்கு ஒருத்தர் கூட சேர்ந்து நடக்கவே தெரியாது. கல்யாணமான நாள்லேருந்து உங்க முதுகைத்தான் பாத்துட்டு வர்றேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

ஒரு வழி இருக்கிறது.

கிடாரை ஒவ்வொரு அடியாக வெட்டி, கிளிக் விழும் இடத்துக்கு நகர்த்தி வைக்கலாம். பேஸையும் அப்படியே. இப்போதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். கிடார் நேராகிவிட்டால் பாட்டே நேராகிவிடும். டிரம்ஸை மாற்ற வேண்டாம். பெர்க்மான்ஸின் வாசிப்பு இருக்கும், பெயரும் இருக்கும். ரோஸ்லின் படித்துப் பார்க்கலாம். யாரும் யாரிடமும் எதையும் விளக்கத் தேவையில்லை.

காலையில் உட்கார்ந்தவன் மாலை வரைக்கும் எழவில்லை. ஒரே பாட்டில் நானூற்றுச் சொச்சம் வெட்டு. மற்ற மூன்றையும் நாளைக்கு முடித்துவிடுவேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு இருந்தது. மேகலா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அதையும் சந்தோஷமாகக் குடித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

நாலு பாட்டையும் ஹபீபுக்கும் நிவேதிதாவுக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஹபீப் போன்.

"டேய் கில்லாடி! என்னடா பண்ண? டிரம்ஸ நிமித்திட்டியேடா! பெர்க்கா இது? நம்பவே முடியல!"

"அது வந்து..."

"இனி வேற பையன் எதுக்கு? இப்படியே போடலாம். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அவன் மானத்தக் காப்பாத்திட்ட மாப்ள. நீ மாஸ்டர்டா."

ஏதோ செய்தேன் என்றேன். இந்த இரண்டு சொல்லைத்தான் சொன்னேன். பொய் இல்லை.

நிவேதிதாவும் எழுதியிருந்தாள். 'சார், பழைய டிரம்ஸைக் கை வேலையால் மீட்டெடுத்தீர்கள் என்பதைப் புத்தகத்தில் தனிப் பகுதியாகவே போடலாம். ஒரு டிரம்மருக்காக நண்பர் செய்தது.'

ஜூலை 16, செவ்வாய்

வகுப்பு நடக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். பெர்க்மான்ஸ்.

"இளங்கோ, ஹபீப் பேசுனான்டா. நீ உக்காந்து என் டிரம்ஸ ஒவ்வொரு அடியா எடுத்து சரிபண்ணியாமே. மூணு நாளாச்சாமே."

பிள்ளைகள் மூன்று பேர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெர்க், நான் அப்புறம் பேசறேன்..."

"இல்லடா, ஒரு நிமிஷம். தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கலாம் நீ. யாரும் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்க. நான் கெடுத்தத நீ உக்காந்து... ரோஸ்லின் ரொம்ப சந்தோசப்பட்டா. நன்றிடா. நல்லா இருப்படா நீ."

சரி சரி என்று வைத்துவிட்டேன். பிள்ளைகளிடம் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். மெட்ரோனோம் மேஜை மேல் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவர்களை அரை மணி முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.

ஜூலை 17, புதன்

வகுப்பு இல்லை. உடம்பு சரியில்லை என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மேகலா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்பு நல்லாத்தான இருக்கு" என்றாள்.

ஜூலை 19, வெள்ளி

ஜூலை 8 அன்று எழுதியதில் கடைசி இரண்டு வரியும் பொய்.

அடித்துவிட்டுத் திருத்தி எழுதப் பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும். இந்தப் பக்கங்களை நிவேதிதாவுக்கு அனுப்ப முடியாது என்று ஆகிவிட்டது, இனி எனக்காக எழுதுகிறேன்.

1999 டிசம்பர். மூன்றாம் நாள் பதிவு முடிந்து ஹபீபும் பெர்க்மான்ஸும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்டுடியோ வாசலில் நான் மட்டும். சவுண்ட் இன்ஜினியர் வரதராஜு சார் டீ கிளாஸோடு வெளியே வந்தார். பெரியவர், அதிகம் பேச மாட்டார். "தம்பி, உங்க டிரம்ஸ் பையன் கிளிக்கோட அப்படியே நிக்கறான். நீங்கதான் ஓடறீங்க. நாளைக்கு கொஞ்சம் பாத்து வாசிங்க" என்றார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

மறுநாள் பார்த்து வாசித்தேன். அப்படியும் ஓடினேன். ஊருக்கு வந்து பாட்டைப் போட்டுக் கேட்டபோது ஹபீப், "இந்த பெர்க் இழுக்கறான்டா" என்றான். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். குழுவில் கிடார்தான் பெரிய ஆள், பாட்டுக்கு மெட்டுப் போடுவது நான், எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கு இருபத்தாறு வயது. "ஆமாடா, இழுக்கறான்" என்றேன்.

அவனை நிறுத்திவிடலாம் என்று ஹபீப் சொன்னபோது நான் எதிர்க்கவில்லை. எதிர்க்காதது மட்டும் இல்லை. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது அதை பெர்க்மான்ஸின் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான்.

வெட்கமாக இருக்கிறது. இந்த நோட்டை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 20, சனி

நேராக்கிய கிடாரை அழித்துவிட்டு, பழையதை அப்படியே எடுத்து வைத்தேன். மேகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, "அவர் வீட்டம்மாவுக்கும் தெரியணும்ங்க. நீங்க பாட்டுக்கு அவர்கிட்ட மட்டும் முணுமுணுன்னு சொல்லிட்டு வந்துராதீங்க" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு பதினொரு மணிக்குப் போனேன். லேப்டாப்பும் ஹெட்போனும் கொண்டுபோனேன். கறி வாங்கியிருப்பதாகவும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் ஜெசிந்தா சொன்னாள். ரோஸ்லினுக்கு டியூட்டி இல்லை, வீட்டில்தான் இருந்தாள். பெர்க்மான்ஸ் கையெழுத்துப் போட்ட பேப்பரைத் தயாராக வைத்திருந்தான்.

"மொதல்ல இதக் கேளு" என்று ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். கிளிக், டிரம்ஸ். வேறொன்றும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முழுப் பாட்டையும் கேட்டான். விரல் ஒன்றுகூட அசையவில்லை. முடிந்ததும், "நல்லா பண்ணிருக்கடா. மெஷின் மாதிரி நிக்குது" என்றான்.

"நான் ஒண்ணும் பண்ணல. அது நீ வாசிச்சது. அன்னைக்கு எப்படி வாசிச்சியோ அப்படியே இருக்கு."

"அப்ப ஹபீப் சொன்னது?"

"நான் நேராக்குனது என் கிடாரைடா. ஓடுனது நான். நாலு பாட்டுலயும் நான்தான் ஓடிருக்கேன்." கிடாரையும் கிளிக்கையும் சேர்த்து வைத்து அவனிடம் கொடுத்தேன். இரண்டாவது சரணம் வந்தபோது அவன் நெற்றி சுருங்கியது. கடைசிப் பல்லவி வரைக்கும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தான்.

ஜெசிந்தா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"அப்ப மேடையில?" என்றான் பெர்க்மான்ஸ். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, தரையைப் பார்த்து. "மேடையில நீ முன்னாடி போவ. உன்ன அங்க தனியா விட்டுட்டு நான் எப்படிடா நிக்கறது? கூட வந்துருவேன். பாட்டு ஓடிரும். ஸ்டுடியோல கிளிக்க விட்டு நகராதன்னு சொன்னாங்க. நகரல. ரெண்டுக்கும் நான்தான் தப்புன்னீங்க. நானும் சரின்னுட்டேன். கிடார் ஓடுனா புடிச்சு நிறுத்தறதும் டிரம்மர் வேலைதான, அது எனக்குத் தெரியலபோலன்னு நெனச்சேன்."

"இல்லடா. உனக்குத் தெரிஞ்சுது. எனக்குத்தான்..."

"இது நீ எப்ப தெரிஞ்சுகிட்ட? இப்ப, கம்ப்யூட்டர்ல பாத்தா?"

வழியெல்லாம் இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இப்பதான் என்று சொன்னால் அவன் நம்புவான். கறிச் சோறும் போடுவான். அவன் முகத்திலேயே அந்தப் பதிலை நான் சொல்லிவிட வேண்டும் என்கிற ஒரு கெஞ்சல் இருந்தது.

"அப்பவேடா. ஸ்டுடியோல வரதராஜு சார் எங்கிட்ட சொன்னாரு. உன்ன நிறுத்தறதுக்கு முன்னாடியே."

அவன் மேஜை மேல் கிடந்த ஹெட்போனைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு என்னை வண்டியில கொண்டாந்து வீட்ல விட்டியே. நான் அழுதுட்டே வந்தேன். எறங்குனதும் என் தோள்ல கையப் போட்டு, எல்லாருக்கும் எல்லாமே வந்துராதுடா, உனக்கு ரயில்வே வேலை இருக்கு, நிம்மதியா இருன்ன. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"இளங்கோ," என்றான். "சர்ச்ல பாட்டு வரும். எல்லாரும் கைதட்டுவாங்க. இவ தட்டுவா, பாப்பா தட்டுவா. நான் கையக் கட்டிட்டு நிப்பேன். எங்கயாச்சும் தப்பா விழுந்து பக்கத்துல இருக்கறவங்களையும் கெடுத்துருவேனோன்னு பயம். இருபத்தஞ்சு வருசமா நிக்கறேன்டா."

ஜெசிந்தா, "நான் பக்தின்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ரோஸ்லின் வந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை, தானே தேடி டிரம்ஸை மட்டும் வைத்துக்கொண்டாள். எங்கள் மூன்று பேருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டாள்.

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்து நாலாகக் கிழித்தான்.

"டிரம்ஸ மாத்தறதுக்குப் போட்ட கையெழுத்து இது. வேற பேப்பர் அனுப்பு. டிரம்ஸ் அப்படியே இருக்கணும். உன் கிடாரும் அப்படியே இருக்கணும், நேராக்குன வேலையெல்லாம் வேணாம். அதுக்குப் போடறேன்."

"சரிடா."

"கூரியர்ல அனுப்பு. நீ வராத."

லேப்டாப்பை எடுத்து வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ரோஸ்லின் பாட்டு முடியும் வரை ஹெட்போனைக் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே காத்திருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஹபீபிடம் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். "இருக்கேன்டா" என்றான். பிறகு, "நான் அவன்கிட்ட பேசறேன். உங்கிட்ட இப்ப பேச முடியாது" என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கையெழுத்து கூரியரில் வந்தது. உள்ளே வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

சின்னப் புத்தகத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது ஐந்தே வரி. நண்பர் செய்த கை வேலை பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் இது:

'ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பாட்டுகளில் கிடார் தாளத்தை விட்டு முன்னால் ஓடுகிறது. அதை வாசித்தவன் நான். டிரம்ஸ் கடைசி வரை சரியாக நிற்கிறது. தாளம் நிற்கவில்லை என்று சொல்லி டிரம்மர் பெர்க்மான்ஸை 2000 ஜனவரியில் நீக்கினோம். ஓடியது யார் என்று எனக்கு அப்போதே தெரியும்.'

என்னிடம் கிடார் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் இது போகும். இரண்டு பேர் நின்றுவிட்டாலும் ஆச்சரியமில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மதியம் நிவேதிதா கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"சார், ரொம்ப நேர்மையா எழுதிருக்கீங்க. ஆனா அந்தக் கடைசி வரி மட்டும் எடுத்துடலாமா? இப்ப தப்பைக் கண்டுபிடிச்சு ஒத்துக்கிட்டீங்கன்னு இருந்தாலே போதும் சார். படிக்கிறவங்க உங்களத் தப்பா நினைக்கக் கூடாதுல்ல. அது இல்லாமலே விஷயம் முழுசா வந்துடுது."

"வரலைம்மா" என்றேன். "மத்ததை வேணும்னா வெட்டிக்கோங்க. அது இருக்கட்டும்."

சாயங்காலம் அச்சுக்குப் போகும் பக்கத்தை அனுப்பினாள். முதல் நாலு வரியை மூன்றாகச் சுருக்கியிருந்தாள். கடைசி வரி இருந்தது. சரி என்று பதில் அனுப்பினேன்.